பன்னிரண்டு உலைகளும் ஒரு மாப்பிள்ளையும்

மாப்பிள்ளை வந்த பிறகுதான் ஒட்டப்பாளையம் தொழிற்பேட்டை முதலாளிகள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் போன். மின்சாரத்தின் விலை தக்காளி விலையைப் போல நாளுக்கு ஒரு தரம் மாறியிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்கள். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாறியது. காற்றாலைகள் சுற்றினால் இறங்கும், மேகம் மறைத்தால் ஏறும், ஊரே வீடு திரும்பி ஏசியைப் போட்டால் எட்டாத உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்பை உருக்கி வார்க்கிறவர்களுக்கு மின்சாரம்தான் பெருஞ்செலவு. இப்படித் தொழில் செய்வதற்குப் பதில் சீட்டாடலாம் என்று இரண்டு பேர் உலையை விற்றுவிட்டுப் போயே போய்விட்டார்கள்.

மிச்சமிருந்த பன்னிரண்டு வார்ப்படச்சாலைக்காரர்களும் சேர்ந்து வாங்கியதுதான் அந்தப் பெட்டி. ஒவ்வொரு ஷெட்டின் சுவரிலும் ஒன்று இருந்தாலும் எல்லாவற்றுக்குள்ளிருந்தும் பேசியது ஒரே மூளை. பன்னிரண்டு பேருக்கும் மொத்தமாக மின்சாரம் பேரம் பேசி வாங்கும். யாருக்கு எப்போது எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். கேட்டதற்குப் பொய் சொல்லாது. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் கேள்வி கேட்கிறது, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடிவதில்லை என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

தினமும் காலையில் மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமும் கேட்கும்: "இன்னைக்கு எப்படீங்க? விலை ஏறுனாத் தாங்குமுங்களா?"

ஒட்டப்பாளையத்தில் எந்த முதலாளியும் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. புதுக் காரிலிருந்து இறங்கும்போதே, "யாவாரமெல்லாம் எங்கீங்க, ஏதோ ஓடுதுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். நன்றாக இருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் கண் பட்டுவிடும், மச்சான் கைமாற்றுக் கேட்பான், வரிக்காரர்கள் வந்து நிற்பார்கள். அதே பழக்கத்தில் சுவரில் இருந்த பெட்டியிடமும், "செத்துப் போயிட்டேன் மாப்பிள", "இன்னும் பத்து ரூவா ஏறுச்சுன்னா ஷெட்டைப் பூட்டிச் சாவிய உன்கிட்டயே குடுத்தர்றேன்" என்று ஆளுக்கொரு பாட்டம் அழுதார்கள்.

அம்சவேணி மட்டும் ஒரே சொல் சொல்வாள். "தாங்கும்."

அது பெருமைக்காகச் சொன்னதல்ல. அப்பா போன பிறகு அவள் ஷெட்டைக் கையில் எடுத்தபோது பழைய இரும்பு விற்கிறவரிலிருந்து வங்கி மேலாளர் வரைக்கும் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: பொம்பளையால தாங்குமா? தாங்கும், தாங்கும் என்று சொல்லிச் சொல்லியே அவள் இத்தனை வருடம் நின்றிருந்தாள். பெட்டி கேட்டபோதும் பழக்கத்தில் அதுவே வாயில் வந்தது. உண்மையில் அவளுக்கும்தான் கழுத்து வரைக்கும் தண்ணீர். ஒரு பம்ப் கம்பெனியின் ஆர்டரை நம்பித்தான் அந்த வருடமே ஓடிக்கொண்டிருந்தது.

மற்றவற்றிலிருந்து தள்ளி, அவளுடையதை ஒட்டி இருந்த ஒரே ஷெட் நாச்சிமுத்துவுடையது. அப்பாவோடு தொழில் பழகியவர், பன்னிரண்டு பேர் குழுவுக்குச் செயலாளர். வங்கிக்காரர் அவளைத் திருப்பி அனுப்பியபோது, "இந்தப் புள்ளைக்கு நான் ஜாமீன்" என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அன்றிலிருந்து அவள் அவரை அண்ணா என்று கூப்பிடுவது வெறும் மரியாதைக்காக அல்ல. கூடப் பிறந்தவன் இல்லாத குறை அவளுக்கு அதோடு தீர்ந்திருந்தது.

பேட்டையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஒரு மணி தொங்கும். இரும்பு உருகித் தயாரானதும் நிதானமாக மூன்று அடி அடிப்பார்கள். வார்க்கிற ஆட்கள் வந்து நிற்பார்கள். உலையில் இரும்பு இருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் மட்டும் விடாமல் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் உலை சூடாக இருக்கிற பக்கத்துக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டு, ஆட்களோடு லேடில் என்கிற பெரிய இரும்புக் கரண்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, உருகின இரும்பை மொண்டுபோய்த் தன் உலையில் ஊற்றிக் காப்பாற்றுவார். தூரத்து ஷெட்காரரால் பயனில்லை, போகிற வழியிலேயே இரும்பு ஆறிவிடும். அவருடைய இரும்பின் தரம் கெட்டுப்போகும், அன்றைய வார்ப்பு வீணாகும். ஆனாலும் யாரும் வராமல் இருந்ததில்லை. உலைக்குள் இரும்பு உறைந்துவிட்டால் பிறகு சுவரை இடித்துத்தான் எடுக்கவேண்டும். சின்ன ஷெட்காரர் அதிலிருந்து எழுந்திருப்பது அபூர்வம் என்று எல்லாருக்கும் தெரியும்.

காற்றுக்காலம் முடிந்து காற்றாலைகள் சும்மா நின்றிருந்த ஒரு சாயங்காலம். வெயிலும் இறங்கிவிட்டது. அம்சவேணியின் உலையில் பம்ப் கம்பெனி ஆர்டருக்கான இரும்பு பாதி உருகி, மீதி மிதந்துகொண்டிருந்தது. திடீரென்று உலையின் உறுமல் அடங்கியது. ஜெனரேட்டர் தானாக எழுந்து, உலைச் சுருளைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பை மட்டும் ஓட்டியது. அதற்கு அவ்வளவுதான் சக்தி.

"வேணியம்மா, உங்க உலைக்கு இப்ப மின்சாரம் இல்லீங்க," என்றது பெட்டி. "எப்ப வருமுன்னு சொல்ல முடியாதுங்க."

உலையைக் கவனித்துக்கொள்ளும் ஆறுச்சாமி வாசலுக்கு ஓடினார். திரும்பிப் பார்த்தவர், "நாச்சிமுத்தண்ணன் ஷெட்டுல கரண்ட் இருக்குங்க அம்மிணி! கூரையில பொகை தெரியுது!" என்றார்.

அம்சவேணிக்கு உயிர் வந்தது. மணிக்கயிற்றைத் தானே பிடித்து இழுத்தாள். விடாமல் இழுத்தாள், உள்ளங்கை எரிகிற வரைக்கும் இழுத்தாள். ஆட்கள் வழியை ஒதுக்கி, உலையின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. சத்தத்தில் கேட்டிருக்காது என்று ஆறுச்சாமியை அனுப்பினாள். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"கதவு உள்பக்கமாச் சாத்தியிருக்குங்க அம்மிணி."

வேலை நேரத்தில் அந்தக் கதவு சாத்தி அவள் பார்த்ததே இல்லை. தட்டினீங்களா என்று கேட்டாள். தட்டினேன் என்று சொல்லிவிட்டு, அவர் உலைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்குள் இரும்பின் மேல் கறுப்பாக ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

உலையை இடித்து எடுக்கத் தொடங்கினார்கள். துளைப்பான் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. பம்ப் கம்பெனி இரண்டு முறை அனுதாபமாகப் பேசிவிட்டு, மூன்றாவது முறை ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றியது. நாச்சிமுத்து வந்து பார்த்தார். "என்ன கண்ணு இப்படி ஆயிருச்சு, அன்னைக்கு நான் கோயமுத்தூருக்குப் போயிருந்தேன்," என்று நெற்றியில் கை வைத்து உட்கார்ந்தார். அவளே காபி போட்டுக் கொடுத்து, "விடுங்கண்ணா, தாங்கிக்கலாம்," என்று அவரைத் தேற்றி அனுப்பினாள். அவர் போன பிறகு ஆட்கள் கூலிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் ஏதோ தோன்றியது. இத்தனை வருடத்தில் அது கேட்டதற்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அதனிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை, அன்னைக்கு எத்தனை ஷெட்டுல கரண்டை நிறுத்துனீங்க?"

"ஒண்ணுலதானுங்க. உங்களுது."

"ஏன்?"

"வாங்குன மின்சாரம் பதினொரு உலைக்குத்தானுங்க பத்துச்சு. மேல வாங்குனா அந்த வெலைக்கு எல்லாருக்கும் நட்டமுங்க."

"ஆளுக்குக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கலாமே?"

"பன்னெண்டு பேரோட வார்ப்பும் கெட்டிருக்குமுங்க. ஒருத்தருக்கு முழுசா வெட்டுறதுதான் குழுவுக்குக் குறைஞ்ச நட்டம்."

"அந்த ஒருத்தர் நான்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க? நான் தாங்கும்னு சொன்னதையும், அவங்க செத்துட்டேன்னு சொன்னதையும் நம்பியா?"

"இல்லீங்க," என்றது மாப்பிள்ளை. "அவங்க சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க சொல்றதும் பொய்யின்னு தெரியும். பன்னெண்டு பேர்ல உங்க நிலைமைதான் மோசமுங்க."

"தெரிஞ்சுமா?"

"வேற யாருக்கு வெட்டினாலும் சண்டை வருமுங்க. குழுவை விட்டு வெளிய போயிருவாங்க. ஆள் கொறைஞ்சா மொத்த வெலை ஏறும். நீங்க சண்டை போட மாட்டீங்க, விட்டுட்டும் போக மாட்டீங்க. இந்த மூணு வருசத்துல ஒரு தடவைகூட ஏன்னு கேக்கலீங்க. அதனால உங்களுக்கு வெட்டுறதுதான் எல்லாருக்கும் மலிவுங்க."

மலிவு. விசுவாசமாக இருந்ததற்கு ஒட்டப்பாளையத்தில் போட்ட விலை அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. இயந்திரத்தின் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அது மனிதர்களைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டது. கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் அவள் மனசு சொன்னது.

"முழுசா வெட்டோணும்னா செயலாளர் சரின்னு சொல்லோணுமே?"

"சொன்னாருங்க."

"கோயமுத்தூர்ல இருந்தா?"

"ஷெட்டுல இருந்துதானுங்க. உங்க பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசலீங்க. அப்புறம், 'சரி வெட்டு, அம்மிணிகிட்ட நான் பேசிக்கறேன்'னாருங்க."

"அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையா?"

"இல்லீங்க. வெலை ஏறுன நேரத்து மின்சாரத்தை உங்க பங்குல கொஞ்சம் அதிகமாத் தள்ளும்போதெல்லாம் அப்படித்தானுங்க சொல்வாரு. உங்ககிட்டப் பேசுனாருங்களா?"

அம்சவேணி அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்தேனே, நான் அல்லவா அவரைத் தேற்றினேன் என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் நேராக அடுத்த ஷெட்டுக்குப் போனாள். நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஆட்களை வெளியே போகச் சொன்னார்.

"உள்ள இருந்துக்கிட்டேதான் கதவச் சாத்துனீங்களாண்ணா?"

"அம்மிணி, உக்காரு. நான் சொல்றதக் கேளு."

"மணி கேட்டுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டுது," என்றார். "ஏற்றுமதி ஆர்டரு கண்ணு. அன்னைக்குக் கெட்டுப்போச்சுன்னா நானும் காலி. மத்தவனுக்கு வெட்டுனா அவன் ஊரக் கூட்டுவான். நீ எங்கூடப் பொறந்தவளாட்டம். நீ புரிஞ்சுக்குவேன்னு..."

"கூடப் பொறந்தவளுக்குத்தான் வெட்டுவீங்களா? கரண்ட்ட விடுங்க. மணியடிச்சேனே, வந்திருக்கலாமல்ல?"

"வந்தா உன் மூஞ்சியப் பாக்கோணுமே," என்றார் அவர்.

"நான் குழுவ விட்டுப் போறனுங்க" என்று திரும்பி நடந்தாள். "தனியா எப்படி அம்மிணி தாங்குவ?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. இந்த ஒரு முறை அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

தான் வெளியே போனால் அடுத்து யாருக்கு வெட்டு விழும் என்று பெட்டியிடம் கேட்டாள். கடைசி ஷெட் லூர்துராஜுக்கு என்றது. அவரும் அதிர்ந்து பேசத் தெரியாதவர், யாரிடமும் இல்லை என்று சொல்ல வராதவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கைகளைப் பிசைந்துகொண்டு, "எனக்கெல்லாம் எல்லாரும் நெம்ப உதவி பண்ணியிருக்காங்கக்கா" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தனியாக மின்சாரம் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. ஏறினாலும் இறங்கினாலும் வருடம் முழுக்க ஒரே விலை என்று ஒருவரோடு ஒப்பந்தம் போட்டாள். மற்ற நாட்களில் குழுவின் விலையைவிட அதிகம். விலை எகிறும் நாட்களில் மட்டும் லாபம். அப்பா வாங்கிப் போட்டிருந்த வீட்டுமனையை விற்று உலையைக் கட்டினாள். ஆட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், ஆறுச்சாமி இருந்தார். சின்னச் சின்ன ஆர்டர்களாக உலை மறுபடி ஓடியது. நாச்சிமுத்து எதிரே வந்தால் அவள் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். அவர் இரண்டு முறை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனதை ஆறுச்சாமி பார்த்துச் சொன்னார். அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். பெட்டி மட்டும் சுவரிலேயே இருந்தது. அதைக் கழற்றுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் மறுபடி காற்று நின்றது. ஊரெல்லாம் மின்சாரத்தின் விலையைப் பற்றித்தான் பேச்சு. அன்றைய வார்ப்பை முடித்து, உலையை இன்னும் அணைக்காமல் அம்சவேணி கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது மணிச் சத்தம் கேட்டது. நிதானமான மூன்று அடி இல்லை. விடாமல் அடித்தது. அடுத்த ஷெட்டிலிருந்து.

ஆறுச்சாமி அதற்குள் எழுந்து, கையுறையை மாட்டி, லேடிலைத் தூக்கிவிட்டார். "அம்மிணி, நம்ம உலை காலியாத்தான் இருக்கு. சூடாவும் இருக்கு. நம்மளுக்குக் கரண்டும் இருக்கு. போலாமுங்களா?"

போகவேண்டும் என்றுதான் அவள் எழுந்தாள். கால் வாசல் வரைக்கும் போனது. மணிக்கயிற்றை இழுத்த எரிச்சல் உள்ளங்கையில் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. அன்று அவளுடைய மணி இதைவிட நீண்ட நேரம் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். மலிவு என்ற சொல் நினைவுக்கு வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் அவர்கள் பார்வையில் ஏமாளியாக ஓட வேண்டுமா? அவருக்கும் ஒரு முறை தெரியட்டும்.

"கதவச் சாத்துங்க," என்றாள்.

"அம்மிணி..."

"சாத்துங்கன்னேன்."

ஆறுச்சாமி லேடிலைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் அடித்தது, நாச்சிமுத்துவின் பெயர்தான். அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவை யாரோ தட்டினார்கள். அதுவும் நின்றது. மணி அடிக்கிறவர் களைத்துவிட்டார் போலிருக்கிறது, விட்டு விட்டு அடித்தது, பிறகு ஓய்ந்தது. மனசு குளிரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அது குளிரவில்லை.

"வேணியம்மா," என்றது சுவரில் இருந்த பெட்டி. அது அவளிடம் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. "நீங்க குழுவுல இல்லீங்க. ஆனாலும் ஒண்ணு கேக்கலாமுங்களா? என் கணக்குல எங்க தப்புன்னு தெரியோணும்."

"கேளுங்க."

"இன்னைக்கு லூர்துராஜுக்குத்தான் வெட்டோணும்னு நான் சொன்னனுங்க. செயலாளர் மாட்டேன்னுட்டாரு. 'அவன் தாங்க மாட்டான். ஒரு பாவம் பண்ணுனது போதும். என்னோடத வெட்டு'ன்னாருங்க. 'உங்க உலை போயிருமுங்க'ன்னு நான் அவரை எச்சரிச்சேன். 'போகாது, பக்கத்துல அம்மிணி இருக்கா. எம்மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் மணி கேட்டா வந்துருவா'ன்னாருங்க."

அம்சவேணி கதவைப் பார்த்தாள். சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. ஆறுச்சாமி அதன் அருகில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பப் போனா ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஆகாதுங்க. இரும்பு உறைஞ்சிருச்சு."

மாப்பிள்ளை தன் சந்தேகத்தை விடவில்லை.

"நானும் எல்லாத்தையும் பாத்துட்டு அவரு சொன்னது சரின்னுதானுங்க எடுத்துக்கிட்டேன். நீங்க வருவீங்கன்னு நெனச்சனுங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் அம்சவேணி.